ஆவிகளைச் சோதித்தறிதல்: தத்துவ போதகர் ராபர்ட் தெ நோபிலியின் வாழ்வு



தம்மை இறைவாக்கினர் என்று சொல்லிக்கொண்டு வருகிற எல்லாரையும் நம்பிவிடக் கூடாது, அவர்களுக்குள் செயல்படுவது கடவுளின் ஆவிதானா என்று சோதித்துப் பார்க்க வேண்டும் என்று புனித யோவான் தம் முதல் மடலில் (1 யோவா 4:1) எச்சரிக்கிறார். பெரோயா நகர யூதர்களைப் பற்றித் திருத்தூதர் பணிகள் நூல் பெருமையாகப் பேசுகிறது (திப 17:11). பவுலே வந்து போதித்தபோதும் அவர்கள் சும்மா தலையாட்டவில்லை. அவர் சொன்னது சரிதானா என்று நாள்தோறும் மறைநூலைப் புரட்டிப் பார்த்தார்கள். இதற்காகப் பவுல் கோபித்துக்கொண்டதாக எங்கும் இல்லை.

வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் வாழும் நமக்கும் இந்தச் சோதனை தேவைப்படுகிறது. இன்ன நாளில் உலகம் முடியும் என்று துண்டுப் பிரசுரம் வருகிறது. இந்தச் செபத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் தீங்கு வரும் என்று கைப்பேசியில் செய்தி வருகிறது. சுகமளிக்கும் கூட்டம் என்று ஒலிபெருக்கி அழைக்கிறது. எது உண்மை, எது ஏமாற்று? இந்தக் கேள்வியோடு தம் வாழ்நாள் முழுவதும் போராடிய ஒருவரைப் பற்றி இன்று சிந்திப்போம். அவர் பிறரைச் சோதித்தறிந்தவர் மட்டுமல்லர். ஏமாற்றுக்காரர் என்று தாமே குற்றம் சாட்டப்பட்டு, சோதிக்கப்பட்டவரும்கூட. தத்துவ போதகர் என்று தமிழர்கள் அழைத்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலிதான் அவர். அவர் உயிர் துறந்தது நமக்கு அருகிலுள்ள மயிலாப்பூரில். 2002-ல் செங்கல்பட்டு மறைமாவட்டம் உருவாகும்வரை நம் பகுதியும் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தில்தான் இருந்தது. ஆக, அவர் நமக்கு அந்நியர் அல்லர்.

1577-ல் இத்தாலியில் உயர்குடியில் பிறந்தவர் ராபர்ட். பின்னாளில் புனிதராக உயர்த்தப்பட்ட கர்தினால் ராபர்ட் பெல்லார்மின் அவருக்கு உறவினர். துறவு வாழ்வைக் குடும்பத்தார் எதிர்த்ததால் வீட்டை விட்டு வெளியேறி, நேப்பிள்ஸ் நகரில் இயேசு சபையில் சேர்ந்தார். 1604-ல் லிஸ்பனில் கப்பலேறி, 1605 மே மாதம் கோவா வந்து சேர்ந்தார். கொச்சியிலும் முத்துக்குளித்துறையிலும் சில காலம் தங்கித் தமிழ் கற்றார். 1606-ன் இறுதியில் மதுரைக்கு வந்தார்.

மதுரையில் அப்போது அருள்பணி கொன்சாலோ பெர்னாந்தஸ் பணியாற்றிக்கொண்டிருந்தார். போர்த்துக்கல் நாட்டவர், முன்னாள் படைவீரர், பக்தியுள்ளவர், கடும் உழைப்பாளி. பள்ளிக்கூடம் நடத்தினார், நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார், கடற்கரையிலிருந்து வந்து தங்கிய பரதவ கிறிஸ்தவர்களைக் கவனித்துக்கொண்டார். மக்கள் அவரை மதித்தார்கள். ஆனால் பத்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்தும் மதுரை நகர மக்களில் ஒருவரைக்கூட அவரால் திருமுழுக்குக்குக் கொண்டுவர முடியவில்லை.

ஏன் என்று நோபிலி யோசித்தார். மக்கள் வாயில் புழங்கிய பரங்கி என்ற ஒரு சொல்லில் காரணம் இருந்தது. மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், குளிக்காதவர், ஒழுங்கற்றவர் என்ற எல்லாப் பொருளும் அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருந்தன. துயரம் என்னவென்றால், கிறிஸ்தவ மறையையே பரங்கி மார்க்கம் என்றும், திருமுழுக்குப் பெறுவதைப் பரங்கிக் குலத்தில் சேருவது என்றும் நம்மவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள்! கிறிஸ்துவை ஏற்க மனம் இருந்தவர்கூடத் தன் தாய் தகப்பனை, உற்றார் உறவினரை, உடையை, உணவை எல்லாம் இழந்து வேறு ஓர் இனமாக மாற வேண்டும் என்று எண்ணி அஞ்சினார். நற்செய்தி கேட்காத ஒன்றை மனிதர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதுவும் ஒருவகை ஏமாற்றுதான். யாரும் வேண்டுமென்று செய்யாத ஏமாற்று.

நோபிலி கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி உடுத்தினார். காலில் பாதக்குறடு, கையில் கமண்டலம். ஒரு நாளைக்கு ஒரு வேளை மரக்கறி உணவு. பெர்னாந்தஸ் வாழ்ந்த இல்லத்தை விட்டுத் தனி வீட்டில் குடியேறினார். தமிழோடு தெலுங்கும் கற்றார். சிவதர்மர் என்ற பிராமண அறிஞரிடம் வடமொழி பயின்றார். அந்நியருக்கு வேதங்களைச் சொல்லிக்கொடுப்பது அக்காலத்தில் சிவதர்மருக்கு ஆபத்தான காரியம். ஆனாலும் அவர் கற்பித்தார். வடமொழியை ஆழமாகக் கற்ற முதல் ஐரோப்பியர் நோபிலியே என்று பலரும் சொல்வர்.

அவருடைய முதல் மாணவர்களில் ஒருவர், பெர்னாந்தஸின் பள்ளியில் வேலை பார்த்த சைவ ஆசிரியர். இருவரும் இருபது நாட்கள், நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம் வாதிட்டார்கள். படைப்பு எப்படி வந்தது, கடவுள் ஒருவரா, மறுபிறவி உண்டா என்று கேள்விகள் நீண்டன. அந்த ஆசிரியர் கேட்டதை எல்லாம் கேட்டு, மறுத்து, திரும்பவும் கேட்டு, கடைசியில்தான் திருமுழுக்குப் பெற்றார். புதுமை எதுவும் காட்டாமல், பயமுறுத்தாமல், காசு கொடுக்காமல், இருபது நாட்கள் உட்கார்ந்து பேசியே ஒருவரை அழைத்து வந்த இந்த நிகழ்வை நாம் அதிகம் சிந்திப்பதில்லை. கேள்வி கேட்பவரை விசுவாசமற்றவர் என்று விரட்டுகிற போதகரை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

அன்று தமிழில் திருவிவிலியம் இல்லை. தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் லூத்தரன் மறைப்பணியாளர்களால் அச்சாகி முடிந்தது 1715-ல், அதாவது நோபிலி இறந்து ஏறத்தாழ 60 ஆண்டுகள் கழித்து. எனவே இறைவார்த்தையை எளிய மக்கள் பேச்சில் கேட்டும் ஓலையில் படித்துமே அறிய வேண்டியிருந்தது. அதற்காகவே நோபிலி ஞானோபதேசம், ஆத்தும நிருணயம், தூஷணத் திக்காரம் முதலிய உரைநடை நூல்களை எழுதினார். நித்திய சீவன சல்லாபம் என்ற நூல் குருவும் சீடனும் உரையாடும் வடிவில் அமைந்தது. உண்மை வேதம் எது என்று பகுத்தறிவைக் கொண்டு எப்படித் தேர்ந்து தெளிவது என்பதே அதில் பேசப்படுகிறது. சீடன் கேட்கிறான், குரு விளக்குகிறார். கண்ணை மூடிக்கொண்டு நம்பு என்று குரு சொல்வதில்லை.

சொற்களிலும் அவர் கவனமாக இருந்தார். போர்த்துக்கீசிய, இலத்தீன் சொற்களை அப்படியே தமிழில் போட்டால் என்ன ஆகும்? திருப்பலியைக் குறிக்கும் மிசா என்ற சொல் தமிழர் காதில் மீசை என்று விழுந்ததாக ஒரு கதை சொல்வார்கள். (பூசைக்கு வந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ!) கோவில், பூசை, குரு, வேதம், பிரசாதம் போன்ற சொற்களைக் கிறிஸ்தவப் பொருளில் வழங்கச் செய்தவர் நோபிலி. இன்றும் நம் பாட்டிமார் பூசைக்குப் போகிறேன் என்று சொல்லும்போது அவர் தந்த சொல்லையே சொல்கிறார்கள்.

வந்தது எதிர்ப்பு. 1610-ல் பெர்னாந்தஸ் மேலிடத்துக்கு நீண்ட முறையீடு எழுதினார். இந்த இளைஞர் தம்மைப் பரங்கி அல்லர் என்று சொல்லி மக்களை ஏமாற்றுகிறார், புதுக் கிறிஸ்தவர்களைப் பூணூலோடும் குடுமியோடும் சந்தனத்தோடும் விட்டுவிடுகிறார், சிலை வழிபாட்டின் அடையாளங்களைத் திருச்சபைக்குள் கொண்டு வருகிறார், தம்மோடு வெளிப்படையாகச் சேர்ந்து உண்பதுகூட இல்லை என்பவை அவருடைய குற்றச்சாட்டுகள். செய்தி உரோமைக்கு எட்டியபோது பெல்லார்மினே மனம் வருந்திக் கண்டித்து எழுதினார். பின்னர் நோபிலியின் விளக்கத்தைப் படித்து மனம் மாறினார்.

பெர்னாந்தஸை வில்லனாக்குவது எளிது. அது நியாயமல்ல. அவர் கேட்ட கேள்வி தவறான கேள்வி அல்ல. ஒரு பழக்கம் கிறிஸ்துவுக்கு எதிரானதா இல்லையா என்று எதைக் கொண்டு அளப்பது?

இதற்கு மறைநூல் தரும் பதில் ஒரே வரியில் அடங்குவதில்லை. புனித பவுல் திமொத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்வித்தார் (திப 16:3). அதே பவுல் தீத்துவுக்கு விருத்தசேதனம் செய்யக் கட்டாயப்படுத்தியபோது இணங்கவில்லை (கலா 2:3-5). செயல் ஒன்று, முடிவு இரண்டு. திமொத்தேயுவுக்கு அது யூதர்களிடையே பணியாற்றக் கதவைத் திறந்தது. தீத்துவின் காரியத்திலோ அது மீட்புக்கு நிபந்தனையாக வைக்கப்பட்டது. இறைச்சிக் காரியமும் அப்படியே. சந்தையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் வாங்கி உண்ணலாம்; ஆனால் இது சிலைக்குப் படைத்தது என்று ஒருவர் சுட்டிக்காட்டினால், அவருடைய மனச்சான்றை முன்னிட்டு உண்ண வேண்டாம் என்கிறார் பவுல் (1 கொரி 10:25-28). பொருளை மட்டும் பார்த்தால் போதாது, அந்தப் பொருள் மக்களிடம் என்ன அர்த்தம் கொண்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

நோபிலி செய்தது இதைத்தான். அவர் இலத்தீனில் எழுதிய விளக்கங்களில் மறைநூலையும் திருச்சபைத் தந்தையரையும் புனித தோமா அக்குவினாரையும் ஆதாரம் காட்டினார். அத்தோடு நிற்கவில்லை. இந்நாட்டு நூல்களையும் படித்தார், மதுரைப் பண்டிதர்களிடம் விசாரித்துக் கையொப்பமிட்ட சான்றும் வாங்கினார். பூணூல் குலத்தின் அடையாளமா, வழிபாட்டின் அடையாளமா? ஒன்றுக்கொன்று முரணான கொள்கையுடையவர்களும் அதே பூணூலை அணிகிறார்களே! அப்படியானால் அது ஒரு தெய்வத்தின் அடையாளமாக இருக்க முடியாது என்பது அவர் வாதம். சந்தனம் அழகுக்காகவும் குளிர்ச்சிக்காகவும் பூசப்படுகிறது என்றார். கோவில் சடங்கோடும் மந்திரத்தோடும் பிணைந்ததை அகற்றிவிட வேண்டும் என்பதில் அவருக்கு மாற்றுக் கருத்து இல்லை.

கொடுங்கல்லூர் பேராயர் பிரான்சிஸ் ரோஸ் அவரை ஆதரித்தார். கோவா பேராயர் எதிர்த்தார். 1619-ல் கோவாவில் கூடிய மன்றத்தில் பெரும்பான்மையோர் நோபிலிக்கு எதிராகவே வாக்களித்தனர். வேடிக்கை என்னவென்றால், கடுமைக்குப் பெயர்பெற்ற சமய விசாரணை மன்றத்தின் அதிகாரிகளில் ஒருவர் அங்கே அவர் பக்கம் நின்றார். வழக்கு உரோமைக்குப் போயிற்று. 1623 சனவரி 31-ல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி தம் ஆணையை வெளியிட்டார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை மூடநம்பிக்கையை நீக்கி, குடிமை வழக்கமாகக் கைக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். 13 ஆண்டுகள் நோபிலி காத்திருந்தார். இந்தக் காலத்தில் அவர் சபையை விட்டு வெளியேறித் தனிக்கூட்டம் தொடங்கவில்லை. எனக்குத் தூய ஆவியார் நேரடியாகச் சொன்னார், யாரும் என்னைக் கேட்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழுதினார், விளக்கினார், கீழ்ப்படிந்தார். போலிப் போதகரையும் உண்மைப் போதகரையும் பிரித்தறிய இதைவிடத் தெளிவான அடையாளம் நமக்குத் தோன்றவில்லை.

ஆனால் மறைநூல் என்ற அளவுகோலை அவர் மீதும் வைத்துப் பார்க்காமல் நாம் நகர்ந்துவிட முடியாது. அந்தியோக்கியாவில் பேதுரு பிற இனத்தவரோடு உண்டுகொண்டிருந்தார். யாக்கோபின் ஆள்கள் வந்ததும் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார் (கலா 2:11-14). திமொத்தேயு காரியத்தில் அத்தனை விட்டுக்கொடுத்த பவுல், பந்தி என்று வந்ததும் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. நோபிலியோ தம் சபைச் சகோதரரோடு வெளிப்படையாக உண்ண முடியாத வாழ்வைத் தேர்ந்தெடுத்தார். உயர்சாதியினருக்கு ஒரு பணி, மற்றவர்களுக்கு வேறொரு பணி என்று மதுரை மறைத்தளம் பிரிந்தது. 1640-ல் அருள்பணி பல்தசார் தா கோஸ்தா பண்டார சுவாமியாக உடை தரித்து ஒடுக்கப்பட்ட மக்களிடையே இறங்கியபோது அவர்களுக்கு ஒரு வழி திறந்தது உண்மை. பிரிவு மறையவில்லை என்பதும் உண்மை.

அந்த 1623-ஆம் ஆண்டு ஆணையிலேயே திருத்தந்தை ஒரு வேண்டுகோளும் வைத்திருந்தார். உயர்குலத்திலிருந்து வந்தவர்கள் எளிய குலத்தாரை இழிவாக எண்ணக் கூடாது, குறிப்பாக ஆலயத்தில் இறைவார்த்தை கேட்கும்போதும் அருளடையாளங்களைப் பெறும்போதும் என்பதே அது. பூணூல் அணியலாம் என்ற பகுதியை எல்லாரும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். இந்தப் பகுதி காற்றில் போயிற்று. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதி பார்த்து மக்களைப் பிரித்த சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது. ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்து கிடக்கும் நம் மாவட்டத்தில், கல்லறைத் தோட்டத்திலும் தேர்ப் பவனியிலும் அந்தச் சுவரின் நிழலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சாதியைக் குடிமை வழக்கம் என்று நோபிலி மதிப்பிட்டார். பூணூலைச் சோதித்த அளவுக்கு அவர் சாதியைச் சோதிக்கவில்லை என்பதே நம் எண்ணம். பகைமை என்னும் தடைச் சுவரைக் கிறிஸ்து தம் உடலில் தகர்த்தெறிந்ததைக் கூறும் எபேசியர் மடலும் (எபே 2:14), பொன்மோதிரம் அணிந்தவருக்கு ஓர் இருக்கை, ஏழைக்கு வேறோர் இடம் என்று ஆள் பார்ப்பதைக் கண்டிக்கும் யாக்கோபு மடலும் (யாக் 2:1-4) அவர் கையிலிருந்த அதே விவிலியத்தில்தான் இருந்தன.

பரங்கி அல்லேன் என்று அவர் சொன்னது பொய்யா? அவர் போர்த்துக்கீசியர் அல்லர். மதுரைக்காரர்கள் அந்தச் சொல்லால் குறித்த வாழ்க்கை முறையும் அவருடையது அல்ல. தாம் உரோமையில் இருந்து வந்ததை மறைக்கவும் இல்லை. அதை ஓலையில் எழுதி வீட்டு வாசலில் ஒட்டினார். இன்றும் அவரை வேடதாரி என்று எழுதுவோர் உண்டு. வேடம் என்றால் கலைத்துவிட்டுப் போய்விடலாம். அவர் ஐம்பது ஆண்டுகள் கலைக்கவில்லை.

இறந்த பிறகும் அவரைத் துரத்தியது ஒரு பழி. எசூர் வேதம் என்ற பிரெஞ்சுக் கையெழுத்துப் படி 1760-ல் பிரான்சின் புகழ்பெற்ற எழுத்தாளர் வோல்த்தேரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. மிகப் பழமையான இந்திய வேதம் என்று நம்பி, அவர் அதை அரசரின் நூலகத்துக்குக் கொடுத்தார். கிறிஸ்தவ மறையைக் கேலி செய்ய நல்ல ஆயுதம் கிடைத்தது என்ற மகிழ்ச்சி அவருக்கு. 1778-ல் அது அச்சாகியும் வந்தது. உண்மையில் அது வேதமே அல்ல. புதுச்சேரியோடு தொடர்புடைய மறைப்பணியாளர் வட்டாரத்தில் எழுதப்பட்டது. 1822-ல் வெளியான கட்டுரையில் சென்னையின் ஆங்கில அதிகாரி எல்லிஸ் அதன் படிகள் புதுச்சேரி மறைப்பணி இல்லத்தில் இருந்ததைத் தெரிவித்திருந்தார். அங்கே சிலர் சொன்னதைக் கேட்டு நோபிலியின் பெயரையும் சேர்த்துவிட்டார். 1656-ல் இறந்த நோபிலியை இந்தப் பிரெஞ்சு நூலோடு இணைக்க எந்த ஆதாரமும் இல்லை என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் தெளிவுபடுத்தினார்கள். மதத்தை மூடநம்பிக்கை என்று எள்ளிய பேரறிஞர் ஒரு போலி வேதத்தை நம்பி ஏமாந்தார் என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அச்சமும் வருகிறது. நமக்குப் பிடித்த முடிவைச் சொல்லுகிற எந்தத் தாளையும் நாம் சோதிக்காமல் நம்பிவிடுகிறோம்.

மதுரை அனுமதிக்குப் பிறகு நோபிலி திருச்சி, சேந்தமங்கலம், சேலம் என்று நடந்தார். 1640-41-ல் மதுரையில் பல மாதங்கள் சிறையில் கிடந்தார். கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. முதுமையில் மேலதிகாரிகள் அவரை யாழ்ப்பாணத்துக்கும் பிறகு மயிலாப்பூருக்கும் அனுப்பினார்கள். பிறவிக் குருடரைக் கண்ட சீடர்கள், இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று இயேசுவிடம் கேட்டதையும், இரண்டும் இல்லை என்று அவர் விடை சொன்னதையும் (யோவா 9:1-3) நாம் அறிவோம். மறுபிறவிக் கொள்கையை மறுத்துத் தனி நூலே எழுதிய மனிதர், தம் கடைசி ஆண்டுகளை ஏறக்குறைய முழுக் குருடராகக் கழித்தார்.

மயிலாப்பூர் அப்போது போர்த்துக்கீசியரின் சாந்தோம் நகரம். அவர் பரங்கி அல்லேன் என்று சொல்லி ஒதுங்கிய அதே மக்களின் ஊர். அங்கே வசதியான இல்லத்தில் தங்கியிருக்கலாம். அவரோ ஊருக்கு வெளியே ஒரு சிறு குடிசையில், கூட வந்த பிராமணக் கிறிஸ்தவர்கள் சிலரோடு, பழைய ஒரு வேளை உணவோடு வாழ்ந்தார். தம் நூல்களை நினைவிலிருந்து சொல்லச் சொல்ல அவர்கள் எழுதிக்கொண்டார்கள். திரும்பப் படித்துக் காட்டச் சொல்லித் திருத்தினார். 1656 சனவரி 16-ல், 78 வயதில் இறந்தார்.